பாதையும் மென்பொருளும்

1990இல் போரினால் நின்றுபோன தலைமன்னார்ப் புகைவண்டி 2015ஆம் ஆண்டு மார்ச் 14ஆந் திகதி எம்மூருக்கு மீண்டது. ஆயினும் மடு வீதி வரையான பகுதி 2013இலேயே திறக்கப்பட்டது. மடு யாத்திரிகர் எஞ்சிய பாதைக்காகக் காத்திருக்கவில்லை.

முழுவதும் முடித்துத் தருவதா, பகுதி பகுதியாகத் தருவதா என்னும் வினா கணினி மென்பொருள் ஆக்குவோரிடையேயும் உண்டு. யாவற்றையும் முன்னரே வரையறுத்து இறுதியில் ஒப்படைப்பது ‘நீர்வீழ்ச்சி’ முறை. சிறுகச் சிறுக ஆக்கி, பயன்படுத்துவோர் சொற்கேட்டுத் திருத்துவது, 2001இல் 17 வல்லுநர் அறிக்கையிட்ட ‘அஜைல்’ முறை. பாலத்துக்கு முன்னதே தகும். ஊன்றிய தூணைப் பெயர்த்தல் எளிதோ? மென்பொருளையோ அழித்தெழுதலாம்.

எமது பாடசாலைப் புள்ளிப்பதிவு மென்பொருள் ஓராண்டின் பின் முழுமையாக வந்தது. பிள்ளைகளின் பெயரைத் தமிழில் எழுத அதில் வழியில்லை. முதல் மாதமே ஒரு வகுப்பின் பட்டியலைக் காட்டியிருந்தால் அன்றே சொல்லியிருப்போம். இன்றும் கையாலேயே எழுதுகிறோம்.