தன் தூளை ஏற்காத பூ



சீனிக்கிழங்கு நமக்கெல்லாம் தெரியும். சர்க்கரைவள்ளி என்றும் சொல்வார்கள். அதன் பூவைப் பார்த்திருக்கிறீர்களா? காலையில் விரியும். தேனீக்கள் வரும். ஆனால் ஒரே கொடியை வெட்டி நட்ட வயலில் விதை பிடிப்பது அபூர்வம். ஏன்?

பூவின் ஆண் பாகத்தில் மகரந்தத் தூள் இருக்கிறது. பெண் பாகத்தின் உச்சிக்குச் சூல்முடி என்று பெயர். தூள் சூல்முடியில் விழ வேண்டும். அங்கே முளைத்து, மெல்லிய குழாயாக உள்ளே இறங்க வேண்டும். அப்போதுதான் விதை உண்டாகும்.

சீனிக்கிழங்குப் பூ தன் சொந்தத் தூளை முளைக்க விடாது. பக்கத்துச் செடியின் தூள் வந்தாலும், அந்தச் செடி அதே கொடியின் துண்டு என்றால் அதையும் ஏற்காது. நூறு துண்டு நட்டாலும் அது ஒரே செடிதான்.

பூவுக்குக் கண் இல்லையே, எப்படி அடையாளம் காண்கிறது? முட்டைக்கோஸ் இனத்தில் விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தார்கள். தூளின் மேல் ஒரு புரதம் இருக்கிறது. சூல்முடியில் இன்னொரு புரதம் இருக்கிறது. பூட்டும் சாவியும் போல இரண்டும் பொருந்தினால், "இது நம் தூள்" என்று பூ அறியும். உடனே தூளுக்கு ஈரம் கொடுக்காது. ஈரமில்லாமல் எந்த விதை முளைக்கும்? தூளும் அப்படித்தான்.

இதனால் என்ன நன்மை? சார்லஸ் டார்வின் என்ற அறிஞர், சீனிக்கிழங்கின் உறவான ஒரு பூங்கொடியைப் பத்துத் தலைமுறை வளர்த்துப் பார்த்தார். சொந்தத் தூளில் பிறந்த செடிகளை விட, வேற்றுத் தூளில் பிறந்தவை உயரமாக வளர்ந்தன. 1876-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார்.

நம் மாவட்டத்தில், ஸ்ரீகாரியத்தில், மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1963 முதல் இருக்கிறது. அங்கே சீனிக்கிழங்கில் புது ரகம் உண்டாக்க விதை வேண்டும். அதற்கு ஒன்றின் தூளை மற்றொன்று ஏற்கும் ரகங்களைத் தேடிப் பிடித்துத்தான் சேர்க்க வேண்டும்.

சீனிக்கிழங்கில் விதை இல்லாவிட்டால் நமக்கு நட்டமில்லை. கிழங்கு மண்ணுக்குள் விளையும். கொக்கோ அப்படி அல்ல. பூ காயானால்தான் காசு. பல கொக்கோ மரங்களும் சொந்தத் தூளை ஏற்பதில்லை. தூள் உள்ளே இறங்கினாலும் காய் பிடிக்காது. சில நாளில் பூ உதிர்ந்துவிடும். அப்படிப்பட்ட ஒரே தாய்மரத்து ஒட்டுக் கன்றுகளை மட்டும் தென்னைக்கு இடையில் நட்டால் என்ன ஆகும்? மரம் நிறையப் பூக்கும். காய் மட்டும் இராது. உரத்துக்கும் தண்ணீருக்கும் போட்ட பணம் வீண்.

ஆகவே கன்று வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள். "இவை எல்லாம் ஒரே தாய்மரத்து ஒட்டா?" ஆம் என்றால், வேறு தாய்மரத்துக் கன்றுகளையும் கலந்து வாங்குங்கள். எவற்றைக் கலக்கலாம் என்று கிருஷி பவனில் கேளுங்கள். காய்க்காத மரத்தை வெட்டும் முன்னும் யோசியுங்கள். குறை மரத்தில் இல்லாமல் இருக்கலாம். அதற்குத் துணைமரம் இல்லாதிருக்கலாம்.