அட்டையை வாங்குமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

('பிள்ளை கேட்கிறான்: வாங்கித் தருவதா, வேண்டாமா?' என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



எனக்கு முன் பேசிய சகோதரி, "பிள்ளை கேட்டால் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவன் காலத்தில் பின்தங்கிப் போவான்" என்றார். அவருக்குப் பின் பேசிய ஐயா, "விளையாட்டுக்குக் கொட்டும் காசு கடலில் கரைத்த பெருங்காயம்" என்றார். இருவர் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. நான் கணினி பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன். வாங்கலாமா கூடாதா என்று முடிவு சொல்வதற்கு முன், வாங்கப்போகும் பொருள் என்ன வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

இன்றைக்குப் படிவம் 3, படிவம் 4 படிக்கும் பையன்கள் பல வீடுகளில் கேட்பது இதுதான்: "அப்பா, வி.ஆர். விளையாட வேண்டும். அதற்கு நம் கணினியில் கிராஃபிக்ஸ் கார்டு மாற்ற வேண்டும்." அப்பாவுக்கு இரண்டும் புரியாது. ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும் என்பது மட்டும் புரியும்.

வி.ஆர். என்பது மெய்நிகர் உண்மை. கண்ணை முழுவதும் மூடும் ஒரு கருவியைத் தலையில் மாட்டிக்கொள்கிறோம். இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் தெரிகிறது. தலையைத் திருப்பினால் படமும் திரும்புகிறது. இந்தப் படங்களை வரைந்து கொடுக்கும் உறுப்புதான் கிராஃபிக்ஸ் அட்டை.

அதற்கு எவ்வளவு வேலை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண மேசைத் திரையில் 1920க்கு 1080 என்று ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள். வினாடிக்கு 60 முறை வரைந்தால் 12 கோடி புள்ளிகளுக்குச் சற்று மேல். 2016இல் வந்த ஓக்குலஸ் ரிஃப்ட் கருவிக்கு 2160க்கு 1200, வினாடிக்கு 90 முறை. அது 23 கோடியைத் தாண்டுகிறது. 2023இல் வந்த மெட்டா குவெஸ்ட் 3 கருவியிலோ ஒவ்வொரு கண்ணுக்கும் 2064க்கு 2208. இரண்டு கண்ணுக்கும் 90 முறை வரைந்தால் வினாடிக்கு 82 கோடி! கடிதம் தட்டவும் படம் பார்க்கவும் வாங்கிய கணினி இதற்கு மூச்சு வாங்குவதில் ஆச்சரியம் இல்லை.

வினாடிக்கு 90 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 11 மில்லி வினாடிதான். அதற்குள் படம் வரவில்லை என்றால் என்ன ஆகும்? மேசைத் திரையாக இருந்தால் படம் கொஞ்சம் திக்கும், அவ்வளவுதான். தலையில் மாட்டிய கருவியில் அப்படி இல்லை. தலை திரும்பிவிட்டது என்று காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்கிறது. இன்னும் திரும்பவில்லை என்று கண் சொல்கிறது. கேமரன் மலைக்குப் பேருந்தில் ஏறும்போது வயிற்றைப் புரட்டுமே, ஏறக்குறைய அதே சங்கடம். ஆகவே இங்கே அட்டையின் வேகம் வெறும் அழகுக்காக இல்லை. உடம்புக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. பையன் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் நியாயமான தேவை என்பதால் கடையில் இருப்பதிலேயே விலை உயர்ந்ததை வாங்க வேண்டும் என்று பொருள் இல்லை. 2020 மார்ச்சில் வெளிவந்த 'ஹாஃப் லைஃப்: அலிக்ஸ்' என்ற வி.ஆர். விளையாட்டைப் பலரும் சிறந்தது என்று புகழ்ந்தார்கள். அதற்குக் குறைந்தபட்சத் தேவை என்று அறிவிக்கப்பட்டது ஜிடிஎக்ஸ் 1060 அல்லது ஆர்எக்ஸ் 580 அட்டை. 1060 என்பது 2016இல் வந்த நடுத்தர அட்டை. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். எந்த விளையாட்டு, எந்தக் கருவி என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிறகுதான் அட்டை.

இனி, பெரும்பாலோர் கவனிக்காத இடத்துக்கு வருகிறேன். அது மின்சாரம்.

அட்டை செருகப்படும் ஸ்லாட் வழியாகக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் வேண்டுமானால் பவர் சப்ளையிலிருந்து தனி இணைப்பு வர வேண்டும். 6 முனை இணைப்பு இன்னொரு 75 வாட் தரும். 8 முனை இணைப்பு 150 வாட் தரும். 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 அட்டைக்கு 170 வாட் வேண்டும். 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060க்கு 115 வாட் போதும். புதியது எல்லாம் மின்சாரத்தை அதிகம் குடிக்கும் என்று நினைக்க வேண்டாம். பழையது எல்லாம் சிக்கனம் என்றும் நினைக்க வேண்டாம்.

கிள்ளானிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர் தம் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பையன் எஸ்.பி.எம். எழுதும் ஆண்டுக்கு முந்திய ஆண்டில் இருந்தான். ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் மூன்றாவது கணக்கு ஒன்று வந்தது அல்லவா? தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம் என்றார்களே, அந்தக் கணக்கிலிருந்து பணம் எடுத்து அட்டை வாங்கப் போகிறார். "கடையில் கேட்டுவிட்டோம், செருகினால் வேலை செய்யும் என்றார்கள். நீங்கள் மாட்டிக் கொடுத்தால் போதும்" என்றார்.

நான் அவருடைய கணினிப் பெட்டியைத் திறந்து காட்டினேன். அலுவலகத்தில் பயன்படுத்திப் பிறகு விற்கப்பட்ட ஒல்லிப் பெட்டி அது. அவர்கள் பார்த்து வைத்த அட்டை அதற்குள் நுழையவே நுழையாது. பவர் சப்ளையில் தனி இணைப்பும் இல்லை. அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவம் என்பதால் வெளியில் வாங்கும் பவர் சப்ளையும் பொருந்தாது. பெட்டியை மாற்ற வேண்டும், அதற்குள் பொருந்தும் தாய்ப்பலகை வேண்டும், பவர் சப்ளை வேண்டும். பழைய வேட்டிக்குப் புதுக் கரை தைக்கப் போய் வேட்டியே புதிதாக வாங்கும் கதை!

பையன் முகம் வாடிவிட்டது. நான் ஒரு தாளையும் பேனாவையும் அவன் கையில் கொடுத்தேன். "தம்பி, உனக்கு என்ன வேண்டும், அதற்கு என்னென்ன வேண்டும், ஒவ்வொன்றும் என்ன விலை, நீயே எழுது" என்றேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதினான். அப்பா என் காதோரம் வந்து, "அண்ணே, பள்ளிக்கூடத்துக் கணக்கைக்கூட இவன் இவ்வளவு பொறுமையாகப் போட்டதில்லை" என்றார்.

கடைசியில் அவனே கூட்டுத்தொகையைக் காட்டி, "அப்பா, இப்போது வேண்டாம். எஸ்.பி.எம். முடியட்டும், நானும் பகுதிநேர வேலைக்குப் போய்ப் பாதி போடுகிறேன்" என்றான். சேமநிதிப் பணம் சேமநிதியிலேயே இருந்தது. அப்பா மறுத்திருந்தால் வீட்டில் ஒரு மாதம் பேச்சுவார்த்தை நின்றிருக்கும். பொருளைத் திறந்து காட்டியதால் மகனே கணக்குப் பார்த்து முடிவு செய்தான்.

இன்னும் சில செய்திகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

குவெஸ்ட் போன்ற கருவிகள் கணினி இல்லாமலே தனியாக இயங்கும். கணினிக்கென்று எழுதப்பட்ட பெரிய விளையாட்டுகள் வேண்டுமானால்தான் கம்பி வழியாகவோ வைஃபை வழியாகவோ கணினியோடு இணைக்க வேண்டும். தனியாக இயங்குவதே பிள்ளைக்குப் போதும் என்றால் அட்டைச் செலவே இல்லை.

மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய கருவியை வாங்குபவர்கள் கவனியுங்கள். விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற முறையில் இயங்கிய கருவிகள் ஒரு காலத்தில் பல நிறுவனங்களிலிருந்து வந்தன. அந்த முறையைக் கைவிடுவதாக மைக்ரோசாஃப்ட் 2023 டிசம்பரில் அறிவித்தது. 2024இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து அதை நீக்கியும்விட்டது. கருவி பளபளவென்று இருக்கும். ஆனால் அதை நடத்திய மென்பொருள் போய்விட்டது. விற்பவரிடம் நிறத்தை விசாரிப்பதைவிட இதை விசாரிப்பது நல்லது. அதுபோல, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத கணினிக்குப் புதிய அட்டை வாங்குவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

பழைய அட்டை வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் மின்னிலக்க நாணயம் 'தோண்ட' இரவு பகலாக ஓடிய அட்டைகள் பல உண்டு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்ட பிறகு அந்த வேலை இல்லாமல் பல அட்டைகள் விற்பனைக்கு வந்தன. எல்லாமே கெட்டவை என்று சொல்ல மாட்டேன். சட்டி வாங்கினாலும் தட்டிப் பார்த்து வாங்குகிறோமே! ஒரு கனமான விளையாட்டை அரை மணி நேரம் ஓடவிட்டு, விசிறிச் சத்தத்தையும் சூட்டையும் பார்த்து வாங்குங்கள்.

லோ யாட் பிளாசாவில் வாங்கினாலும் பக்கத்துத் தாமானில் வாங்கினாலும் ரசீதை விடாதீர்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நமக்கு ஒரு நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டு போகலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. ஆனால் கையில் ரசீது இல்லாமல் எதைக் காட்டி வாதாடுவீர்கள்?

அட்டையை மாட்டிய பிறகும் "ஒரு மாற்றமும் இல்லையே" என்று வருபவர்கள் உண்டு. போய்ப் பார்த்தால் திரையின் கம்பி பழைய தாய்ப்பலகைத் துவாரத்திலேயே செருகியிருக்கும். புதிய அட்டையின் துவாரத்தில் செருகினால்தான் அந்தத் திரை புதிய அட்டையில் ஓடும். இந்த ஆலோசனைக்கு நான் கட்டணம் வாங்குவதில்லை!

ஐயா அவர்கள் வீண்செலவு என்றார்கள். விளையாட்டைத் தவிர, முப்பரிமாண வரைவுக்கும் காணொளித் தொகுப்புக்கும் இதே அட்டைதான் கைகொடுக்கிறது. அந்தத் துறையில் படிக்கும் பிள்ளைக்கு அது தொழில் கருவி. சகோதரி அவர்கள் கேட்டதும் வாங்கிக் கொடுங்கள் என்றார்கள். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தன் கருவி வேண்டாம் என்று மெட்டா நிறுவனமே வயது வரம்பு வைத்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கை வீசி ஆட வீட்டில் இடமும் வேண்டும். மீன் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஆட முடியாது.

ஆகவே பெற்றோர்களே, 'வாங்கித் தருகிறேன்' என்றோ 'முடியாது' என்றோ உடனே சொல்லிவிடாதீர்கள். "வா, பெட்டியைத் திறந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். எந்த விளையாட்டு, என்ன அட்டை, எத்தனை வாட், எவ்வளவு இடம், மொத்தம் எத்தனை வெள்ளி என்பதைப் பிள்ளையே எழுதட்டும். எழுதி முடித்த பிறகும் அவன் வேண்டும் என்று கேட்டால், உங்கள் பையில் பணமும் இருந்தால், தாராளமாக வாங்கிக் கொடுங்கள்.