‘வாக்சின்’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது?



ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஒரு புதன்கிழமை தடுப்பூசி முகாமுக்கு வந்திருந்த பாட்டி ஒருவர் என்னைக் கேட்டார்: “எங்க காலத்துல அம்மைப்பால் குத்துனாங்கய்யா. நீங்க வாக்சின், வாக்சின்னு சொல்றீங்களே, அது வேற மருந்தா?” பக்கத்தில் அவருடைய மருமகள், ஒன்பது மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊசி போடலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றார். பாட்டி கேட்டது நல்ல கேள்வி. அதற்கான பதிலைத்தான் இன்று உங்களுக்கும் சொல்ல வந்திருக்கிறேன்.

லத்தீன் மொழியில் ‘வக்கா’ என்றால் பசு. அதிலிருந்து வந்ததுதான் வாக்சின். பால்கோவா கிண்டுகிற ஊர்க்காரர்களுக்குப் பசுவின் பெருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஊசி மருந்துக்குப் பசுவின் பெயர் ஏன்?

பசுவின் மடியில் சில சமயம் கொப்புளம் வரும். பால் கறக்கிறவர்கள் கையிலும் அது தொற்றும். சில வாரங்களில் ஆறிவிடும். அப்படி வந்தவர்களுக்குப் பெரியம்மை வருவதில்லை என்று இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் ஒரு பேச்சு இருந்தது. எட்வர்டு ஜென்னர் என்ற கிராமத்து டாக்டர் அதை அலட்சியம் செய்யவில்லை. 1796 மே 14ஆம் தேதி, பால்காரப் பெண் ஒருத்தியின் கைக் கொப்புளத்து நீரை எடுத்து, ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுப் பையனின் கையில் கீறி வைத்தார். பிறகு பெரியம்மை நீரையே வைத்துப் பார்த்தார். பையனுக்கு நோய் வரவில்லை. (இன்றைக்கு ஒரு பிள்ளையிடம் இப்படிச் சோதனை செய்ய எந்தச் சட்டமும் விடாது.) பசுவின் அம்மை என்பதற்கு அவர் வைத்த லத்தீன் பெயரில் இருந்துதான் இந்தச் சொல் பிறந்தது.

ஐஸ் பெட்டி இல்லாத காலம் அது. ஒரு குழந்தையின் கையிலிருந்து இன்னொரு குழந்தையின் கைக்கு என்று மாற்றி மாற்றி, பாக்தாத், பாஸ்ரா வழியாக அந்த மருந்து பம்பாய்க்கு வந்தது. 1802 ஜூன் 14ஆம் தேதி, அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு இந்தியாவிலேயே முதன்முதலாக அது வைக்கப்பட்டது. நம்ம ஜனங்கள் அதற்கு வைத்த பெயர்தான் அம்மைப்பால். பேரில்தான் பால் இருக்கிறது. கறந்த பால் அல்ல, கொப்புளத்து நீர். ஆக, பாட்டி சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றுதான்.

ஆனால் ஜனங்கள் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மை என்பது அம்மன் வந்து இறங்குவது, அதைத் தடுக்கலாமா என்று பயந்தார்கள். அப்போது சென்னையில் கலெக்டராக இருந்தவர் எல்லீஸ், திருக்குறளை மொழிபெயர்த்தவர். அவர் என்ன செய்தார் தெரியுமா? சக்தியும் தன்வந்திரியும் பேசிக்கொள்வதுபோலத் தமிழில் ஒரு கதை எழுதினார். பசுவின் அம்மை தேவி இரங்கிக் கொடுத்த வரம் என்பது அதன் கருத்து. கெட்டிக்காரத்தனம்தான். ஆனாலும் புராணம்போலக் கதை கட்டி மருந்து கொடுப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. உள்ளதைச் சொன்னாலே நம்ம ஜனங்களுக்குப் புரியும். இருக்கன்குடிக்குத் தீச்சட்டி எடுக்கிற எத்தனையோ குடும்பங்கள் பிள்ளைக்குத் தவறாமல் ஊசியும் போடுகின்றன.

பிற்காலத்தில் கன்றுகளின் உடம்பில் அம்மைப்பால் தயாரித்தார்கள். நம் மாகாணத்துக்கு அதைச் செய்து கொடுத்தது, 1899இல் ஏற்பட்ட கிண்டி கிங் நிலையம். இந்தியாவில் பெரியம்மை கடைசியாகக் கண்டது 1975இல். 1980இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். வீட்டுப் பெரியவர்கள் கையில் வட்டத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது அம்மைப்பால் குத்திய இடம்.

சரி, மற்ற மருந்துகளுக்கும் ஏன் அதே பெயர்? பிரான்சு நாட்டு விஞ்ஞானி பாஸ்டர், ஜென்னரைக் கௌரவிக்க, நோய் வராமல் தடுக்கும் எல்லா மருந்தையும் வாக்சின் என்றே சொல்லலாம் என்று 1881இல் கேட்டுக்கொண்டார். 1885இல் வெறிநாய் கடித்த ஒன்பது வயதுப் பையனுக்கு அவர் மருந்து கொடுத்துக் காப்பாற்றினார். அதில் பசுவுக்குச் சம்பந்தமே இல்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது. நாய்க்குப் பேர்போன ராஜபாளையத்துக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வளர்த்த நாயானாலும் தெருநாயானாலும், கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். தொப்புளைச் சுற்றி ஊசி போட்டதெல்லாம் பழைய கதை, இப்போது கையில்தான். கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம்.

இனி அந்த மருமகள் விஷயம். அவர் தயங்கியது தட்டம்மை–ரூபெல்லா ஊசிக்கு. 2017 பிப்ரவரியில் இதைப் பள்ளிக்கூடங்களில் போட்டபோது வாட்ஸப்பில் என்னென்னவோ புரளி வந்தது. பிற்காலத்தில் பிள்ளை பிறக்காதாம் என்று அவர் காதிலும் யாரோ போட்டிருக்கிறார்கள். நான் பதில் சொல்லுமுன் பாட்டியே சொன்னார்: “அம்மைப்பால் குத்துனவதான் நான். ஏழு பெத்தேன்.”

உண்மை என்னவென்றால், பிள்ளைப்பேற்றைக் காப்பதற்கே இந்த ஊசி. மணல்வாரி என்று நாம் சொல்கிற தட்டம்மை, நிமோனியாவில் கொண்டுபோய் விடும், கண்ணையும் கெடுக்கும். ரூபெல்லா பார்வைக்குச் சாதாரணக் காய்ச்சல் மாதிரி வந்து போகும். ஆனால் கர்ப்பமான முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு வந்தால், கரு கலையலாம். பிறக்கும் பிள்ளைக்குக் கண், காது, இதயம் பழுதாகலாம். கர்ப்பமாக இருக்கும்போது இந்த ஊசி போடுவதில்லை. ஆகையால்தான் சிறு வயதிலேயே போடுகிறோம்: ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. ஒரு வாரம் பத்து நாள் கழித்து லேசான காய்ச்சலோ தடிப்போ வரலாம், தானாகப் போய்விடும்.

தகப்பன்மார்களுக்கு ஒன்று. மில் வேலை, தறி வேலை என்று சொல்லி அம்மாவை மட்டும் அனுப்பாதீர்கள். “நீ போட்டுட்டு வந்தே, புள்ளைக்குக் காய்ச்சல்” என்று வீட்டில் ஏச்சு வாங்குவது அவர்தான். ஒரு தடவையாவது கூட வந்து நர்ஸம்மாவிடம் நீங்களே கேளுங்கள். அட்டை தொலைந்துபோனது என்று வராமல் இருந்துவிட வேண்டாம். போட்ட தேதி எங்கள் பதிவேட்டில் இருக்கும். நாள் தவறிப்போயிருந்தாலும் வாருங்கள்.