நிழல் திரையில் இலங்கையின் அரசவை



அரச ஆசை ஒரு நாட்டையே எரித்த கதையை மேடையில் காட்டிய நாடகங்கள் என்றால் ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' உடனே நினைவுக்கு வரும். வாளையாற்றைக் கடந்து பாரதப்புழைக் கரைக்குச் சென்றால் அதே பொருளைக் கொண்ட மற்றொரு நாடகம் தலைமுறை தலைமுறையாக நடந்து வருவதைக் காணலாம். அதில் பாடப்படுபவை கம்பராமாயணத்தின் தமிழ்ப் பாடல்கள். எனினும் தமிழ்நாட்டில் அதை முழுமையாகப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. பாலக்காட்டுத் தோல்பாவைக் கூத்துதான் அது.

பாலக்காடு, திருச்சூர், மலப்புரம் மாவட்டங்களின் பகவதி கோயில்களில் இக்கூத்துக்கென்றே கட்டிய நிலையான மேடைகள் உண்டு. கூத்துமாடம் என்பது அதன் பெயர். மேலே வெள்ளைத் துணி, கீழே கருந்துணி. திரைக்குப் பின்னே தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி வரிசையாக ஏற்றிய 21 விளக்குகள். பாவைகள் மான் தோலில் வெட்டப்பட்டவை. பிற்காலத்தில் ஆட்டுத்தோலும் வந்தது. அறுவடை முடிந்த மாதங்களில், கோயிலுக்குக் கோயில் வேறுபட்டு, 7 இரவுகள், 14 இரவுகள், 21 இரவுகள் என்று கூத்து நடக்கும். சில கோயில்களில் அதற்கும் மேல் நீளும். பாவையாட்டுபவருக்கு ஊர் தந்திருக்கும் பட்டம் புலவர்.

இந்தக் கூத்துக்குப் பெரும்பாலான இரவுகளில் பார்வையாளர் இருப்பதில்லை. இராம இராவணப் போர் நடந்தபோது பத்திரகாளி தாரிகாசுரனோடு போரிட்டுக் கொண்டிருந்தாள், ஆகவே அவள் காணாமல் போனதை அவளுக்குக் காட்டவே இந்தக் கூத்து என்று ஊர் மரபு சொல்லும். தெய்வம் பார்த்தால் போதும் என்பது நம்பிக்கை. ஆனால் விடியும் வரை விழித்திருக்கும் மனிதர்கள் திரைக்குப் பின்னே மூன்று நான்கு பேர் இருக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996-இல் வெளியிட்ட நூலில் கவனித்துச் சொன்ன செய்தி இது: வெளியே கேட்க ஆளில்லாதபோது பாவைக்காரர்கள் ஒருவருக்கொருவர் பார்வையாளர் ஆகிவிடுகிறார்கள். ஒருவர் பாட்டைச் சொல்வார். மற்றவர் அதைப் பிரித்து, தமிழும் மலையாளமும் கலந்த உரைநடையில் விளக்குவார், வினா எழுப்புவார், எதிர்வாதம் செய்வார். ஒரு பாட்டுக்கு நீண்ட நேரம் உரை ஓடும். கூத்தின் உயிர் அந்த உரையில்தான் இருக்கிறது.

அந்த உரை கம்பரைக் கும்பிட்டு நிறுத்திக்கொள்வதில்லை. கம்பரிடம் இல்லாத ஒரு கதை கூத்தில் உண்டு. சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரன் காட்டில் தவம் இருக்கிறான். குடில் அமைக்க வந்த இலக்குவன் அறியாமல் அவனை வெட்டி விடுகிறான். இதனால் கூத்தின் சூர்ப்பணகை வெறும் காமவெறி கொண்ட அரக்கியாக நின்றுவிடாமல், பிள்ளையைப் பறிகொடுத்த தாயாகவும் ஆகிறாள். விமலசூரியின் சமண இராமாயணத்திலும் இதை ஒத்த நிகழ்ச்சி உண்டு. இராமன் கதை ஒன்றே, அதன் பொருளும் ஒன்றே என்று அதிகாரத்தின் குரலில் உரைக்கப்படும் காலத்தில், ஒரு பகவதி கோயில் முற்றத்திலேயே வேறொரு சொல் தொடர்ந்து ஒலித்து வந்திருக்கிறது என்பது சிறிய செய்தியன்று.

போர்ப் பகுதிக்கு வந்தால் கூத்து முழுமையான துன்பியல் நாடகமாகிறது. மாக்பெத் தன் பேராசையை மனைவியோடு மட்டுமே பகிர்ந்துகொள்கிறான். அவனைத் தடுத்துப் பேச அவையென்று ஒன்று அங்கே இல்லை. இராவணனுக்கோ அவை இருக்கிறது. அந்த அவையில் கும்பகருணன் எழுந்து, மானம் பேசிக்கொண்டே பிறன்மனையைக் கவர்ந்து வந்த முரண்பாட்டை அண்ணனின் முகத்துக்கு நேரே சுட்டிக் காட்டுகிறான். வீடணன் அறிவுரை சொல்லித் துரத்தப்படுகிறான். கடைசியில், தோற்றுக் களைத்துத் திரும்பிய மகன் இந்திரசித்தே, சீதையை விட்டுவிடுங்கள் என்று தந்தையிடம் மன்றாடுகிறான். எச்சரிக்கை தம்பியிடமிருந்து வந்தது, மகனிடமிருந்தும் வந்தது. யாவும் தெரிந்தே இராவணன் போருக்குச் செல்கிறான். அறியாமையால் வீழ்ந்தவனுக்காக இரங்கலாம். அறிந்தும் திரும்ப மறுத்தவனின் கணக்கை அவனுடைய குடிகளே தீர்க்க வேண்டியிருக்கிறது. கும்பகருணன் போரைத் தவறென்று சொல்லிவிட்டு, உண்ட சோற்றுக்காக அதே போரில் சாகிறான். அரசனின் பிழைக்கு உயிர் கொடுத்த எத்தனையோ படைவீரர்களின் நிலை அவனுடைய நிலைதான்.

இந்த எல்லையிலேயே தெற்கே மலையேறினால், இடுக்கியில், இன்னோர் அரசனின் பிழை ஆடப்படுகிறது. கட்டப்பனைக்கு அருகே கோவில்மலையில் வாழும் மன்னான் பழங்குடியினர் தம் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பர். அவர்களுடைய மன்னான் கூத்துக்குக் கோவலன் கண்ணகி கதையே பொருள். படையும் கருவூலமும் இல்லாத ஒரு 'ராஜா' இன்றும் அவர்களுக்கு உண்டு என்பதை நினைத்தால், பாண்டியனின் அரியணை சரியும் கதையை அவர்கள் விரும்பி ஆடுவதில் ஒரு நயம் தென்படுகிறது. பாண்டியன் விசாரணையின்றி ஆணையிட்டான். தவறு தெரிந்ததும் அந்த இடத்திலேயே உயிர் விட்டான். இராவணனிடம் அது இல்லை. ஆனால் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தைப் படித்தால் சேரன் செங்குட்டுவன் அந்தப் பெண்ணின் துயரத்தையும் ஒரு படையெடுப்பாக மாற்றிவிடுகிறான். கண்ணகிக்குக் கல் வேண்டும் என்று இமயம் வரை சென்று, கனகன், விசயன் என்ற இரு மன்னர்களின் தலையில் அதைச் சுமத்திக் கொண்டு வருகிறான். நீதி கேட்டவளின் பெயரால் வெற்றி விழா! மங்கலதேவி மலையுச்சியில் இரு மாநில எல்லையில் நிற்கும் கண்ணகி கோட்டம் இன்று ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரா பௌர்ணமி அன்று மட்டும், இரு மாநில அதிகாரிகளின் காவலில் திறக்கப்படுகிறது.

மீண்டும் பாரதப்புழைக்கு வருவோம். கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவரும் அவர் மகன் இராமச்சந்திரப் புலவரும் கூத்தைக் கோயில் முற்றத்துக்கு வெளியே கொண்டுவந்தவர்கள். இராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. வெளியே வந்ததால்தான் கலை பிழைத்தது. இன்று பெண்களும் பாவை பிடிக்கிறார்கள். காந்தியின் கதையும் திரைக்கு வந்திருக்கிறது. இவற்றைக் குறைகூறுவது நியாயமாகாது. கோயில் தரும் கூலியை மட்டும் நம்பி ஒரு குடும்பம் வாழ முடியாது என்பதை மறந்து மரபின் தூய்மை பேசுவது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு.

ஆனால் 21 இரவுகள் ஒரு மணி நேரமாகச் சுருங்கும்போது எதை வெட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அம்பு பறக்கும் காட்சி நிற்கிறது, அனுமன் தாவுவது நிற்கிறது, பட்டாபிஷேகம் நிற்கிறது. அவை விவாதம் போய்விடுகிறது. கும்பகருணன் பேசாமலே போருக்குப் போகிறான். சம்புகுமாரனுக்கு நேரமில்லை. எஞ்சுவது வென்றவனின் கதை மட்டுமே. அதைச் சொல்ல இந்நாட்டில் தொலைக்காட்சிகளும் ஊர்வலங்களும் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

இதில் மொழியின் பங்கும் உண்டு. பாட்டு தமிழாக இருப்பதால் மலையாள இளைஞர்களுக்கு அது எட்டுவதில்லை. தமிழ் எட்டக்கூடியவர்கள் சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறையிலும் வடகரப்பதியிலும், மலைக்கப்பால் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். கூத்துமாடம் அவர்களுடைய ஊர்க் கோயில்களில் இல்லை. 1956-இல் மாநில எல்லை போடப்பட்ட பிறகு, ஒரு பக்கத்தார் இதைக் கேரளக் கலை என்றனர். மறுபக்கத்தார் கம்பன் விழாக்களில் இதை நினைத்ததாகவே தெரியவில்லை.

செய்யக்கூடியது பெரிய செலவில்லாதது. புலவர்களின் உரைநடை விளக்கங்களை, பாட்டுகளோடு மட்டும் நில்லாமல், இரவு முழுவதும் ஒலிப்பதிவு செய்து தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட வேண்டும். கலை இலக்கிய அமைப்புகள் கோவையிலோ கொழிஞ்சாம்பாறையிலோ அவர்களை அழைக்கும்போது ஒரு மணி நேர நிகழ்ச்சி கேட்காமல், இராவணன் அவை கூட்டும் ஓர் இரவை முழுவதுமாகக் கேட்க வேண்டும். அந்த இரவுக்குரிய கூலியையும் முழுவதுமாகக் கொடுக்க வேண்டும்.