ஒரு சேலை, அஞ்சு இடம்
(நம் கூட்டமைப்பின் மகளிர் தினக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கமில்ல. "வெயில் காலத்துல என்ன உடுத்துறது, இருக்கிற துணியை மாத்தி மாத்தி எப்படி விசேஷத்துக்குக் கட்டுறதுன்னு நீ பேசு"ன்னு தலைவி அக்கா சொல்லிட்டாங்க. சேலை கட்டுறதைப் பத்திப் பேச என்ன இருக்குன்னு பின்னாடி சிலர் சிரிக்கிறது தெரியுது. சிரிங்க. கணக்குச் சொல்லும்போது பார்ப்போம்.

பங்குனி, சித்திரை, வைகாசி வந்தா நம்ம உசிலம்பட்டிப் பக்கம் பத்திரிகை வராத வீடு உண்டா? காதுகுத்து, கல்யாணம், சடங்கு, புதுவீடு, கோயில் பொங்கல். செய்முறை இல்லாமப் போக முடியாது. நமக்குச் செஞ்சவங்களுக்கு நாம திருப்பிச் செய்யணும், மொய் நோட்டுல இருக்கு. அதை நான் குறை சொல்ல வரல. ஆனா மொய்ப் பணத்தை எடுத்து வச்ச பிறகு ரெண்டாவதா ஒரு செலவு வந்து நிக்குதே, அது சேலைச் செலவு. போன மாசம் ஒரு விசேஷத்துக்குக் கட்டினதை இந்த மாசம் கட்டினா, "என்னடி, அன்னைக்கும் இதத்தான கட்டியிருந்த?"ன்னு ஒரு வாய் கேட்டுரும். இப்பப் போன்ல ஸ்டேட்டஸ் வேற. போட்டோவை எடுத்துப் பக்கத்துல வச்சே பார்த்துருவாங்க.

எங்க குழுவுல உள்கடன் கேட்கும்போது "குடும்பச் செலவு"ன்னு தீர்மானத்துல எழுதுவோம். அந்தக் குடும்பச் செலவுக்குள்ள எத்தனை சேலை மடிச்சு வச்சிருக்குன்னு நமக்குள்ள தெரியும். இன்னொண்ணும் தெரியும். கட்டிக்கிட்டுப் போக நல்லதா ஒண்ணு இல்லன்னு, தலைவலின்னு சொல்லிட்டு, கூடப்பிறந்தவன் மகள் சடங்குக்கே போகாம வீட்டுல இருந்தவங்களும் நம்மள்ல இருக்காங்க. பேர் சொல்ல மாட்டேன். அவங்களை நெனச்சுத்தான் இன்னைக்குப் பேச ஒத்துக்கிட்டேன்.

இப்பக் கணக்கு. மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு சேலை, தையலும் துணியுமா ஐநூறு, ஆக 3,500 ரூபாய். குழுவுல கடனா எடுக்கிறோம்னு வைங்க. மாசம் நூத்துக்கு ரெண்டு ரூபாய் வட்டி, பத்து மாசத் தவணை. முதல் மாசம் வட்டி 70, அடுத்த மாசம் 63, அப்படியே குறைஞ்சு கடைசி மாசம் 7. கூட்டினா 385 ரூபாய். வட்டி மட்டும் சொல்றேன். அந்த 385 ரூபாய்க்கு ஒரு நல்ல பருத்தி ஜாக்கெட் துணி வாங்கி, நம்ம ஊர்ல தைச்சும் வாங்கிரலாம். ஒரு புது ஜாக்கெட் வந்தா பழைய சேலை பாதிப் புதுசு. நான் சொல்ல வந்ததே இதுதான். சேலையை வாங்கி வாங்கி அடுக்காதீங்க, கூட இருக்கிறதை மாத்துங்க.

முதல்ல வெயிலைப் பார்ப்போம். சித்திரை வெயில்ல, தகரக் கொட்டகை போட்ட மண்டபத்துல, பளபளன்னு செயற்கைப் பட்டுல நின்னா எப்படி இருக்கும்னு நான் சொல்லணுமா? அந்தப் பாலியஸ்டர் நூல் வியர்வையை உறிஞ்சாது. ஈரம் உடம்போடயே ஒட்டிக்கிட்டு நிக்கும். இடுப்புலயும் கழுத்துலயும் வேர்க்குரு. பருத்தி வியர்வையை இழுத்துக் காத்துல விட்டுரும், அதனாலதான் உடம்பு குளுருது. ஆனா ஒண்ணு, பருத்திச் சேலைக்கு உள்ள நைலான் மாதிரி வழுவழுன்னு உள்பாவாடை கட்டினா எல்லாம் வீண். ஜாக்கெட்டுக்குள்ள கொடுக்கிற லைனிங்கும் அப்படித்தான். டெய்லர்கிட்ட லைனிங் துணி பருத்தியா இருக்கட்டும்னு வாயைத் திறந்து சொல்லுங்க. சொல்லாட்டி கையில இருக்கிறதைப் போட்டுத் தைச்சிருவாங்க.

பருத்தின்னா நமக்கு எங்கயும் தேட வேண்டியதில்ல. பஸ் ஏறினா மதுரை, அங்க சுங்குடி. நாயக்கர் ராஜா காலத்துல மதுரையில வந்து நிலைச்ச சௌராஷ்டிரா மக்கள் கைத்தொழில் அது. துணியை நுனிவிரல்ல கிள்ளி, நூலால இறுக்கி முடிச்சுப் போட்டு, சாயத்துல முக்கி எடுப்பாங்க. காய்ஞ்ச பிறகு முடிச்சை அவிழ்த்தா, கட்டின இடத்துல சாயம் ஏறாம வெள்ளைப் புள்ளி நிக்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்குல முடிச்சு. இந்த முடிச்சுப் போடுற வேலையைப் பெரும்பாலும் வீட்டுல இருந்து பொம்பளைகதான் செஞ்சாங்க. குஜராத்துல பாந்தினின்னு சொல்றாங்களே, அதுவும் இதே முடிச்சு வேலைதான், சொந்தக்காரி மாதிரி. மதுரை சுங்குடிக்கு 2005-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு.

இப்பக் கடையில தொங்குறதுல நிறைய அச்சுல அடிச்சது. அதுவும் பருத்தியா இருந்தா குறை இல்ல, விலையும் குறைச்சல். ஆனா அச்சுச் சேலையைக் கைக்கட்டுன்னு சொல்லிக் கூட ரேட்டு கேட்டாத் தெரிஞ்சுக்கணும். ஒரு கடையில எங்கிட்டயே அப்படிச் சொன்னாங்க. நான் தடவிப் பார்த்துட்டு வச்சுட்டேன். கைக்கட்டுச் சுங்குடியில புள்ளி ஒண்ணு போல ஒண்ணு இருக்காது, முடிச்சுப் போட்ட இடம் லேசாச் சுருங்கி எழும்பி நிக்கும். அச்சுல எல்லாப் புள்ளியும் ஒரே அளவா, மட்டமா, வரிசை பிசகாம இருக்கும். திண்டுக்கல் பக்கம் சின்னாளபட்டியிலயும் சுங்குடி கிடைக்கும். காரைக்குடிக் கண்டாங்கி இன்னும் கொஞ்சம் கனம், அகலக் கரை, நல்லா உழைக்கும். அதுக்கும் 2019-ல குறியீடு கொடுத்தாச்சு.

எங்கிட்ட வெயிலுக்குன்னு மூணு சேலைதான். ஒரு நீலச் சுங்குடி, அரக்குக் கரை. ஒரு மஞ்சள் சின்னாளபட்டி. ஒரு சந்தன நிறக் கட்டம் போட்ட கண்டாங்கி. அந்த நீலத்தை வச்சே சொல்றேன், அது போன வருஷம் எங்கெங்க போச்சுன்னு.

குழுக் கூட்டத்துக்கும் பேங்குக்கும் போகும்போது வெள்ளை ஜாக்கெட், முந்தியை மடிச்சு ஒரு ஊக்கு, காதுல சின்னத் தோடு, கையில ரெண்டே வளையல். பாஸ்புக்கை நீட்டும்போது கையில கலகலன்னு எதுக்கு? பிள்ளைக பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்கும் அதே கட்டுத்தான், ஜாக்கெட் மட்டும் கலம்காரி அச்சுல முழங்கை வரைக்கும். டீச்சரே "இது எங்க எடுத்தீங்க"ன்னு கேட்டாங்க. சேலையைத்தான் கேட்டாங்க, மாறினது ஜாக்கெட்டு.

காதுகுத்துக்குப் போனப்ப அரக்கு ஜாக்கெட். அதோட கதை தனி. என் கல்யாணப் பட்டுல ஒண்ணு மடிப்புல இத்துப் போச்சு. உடம்புதான் இத்தது, கரை நல்லா இருந்துச்சு. அந்த ஜரிகைக் கரையை வெட்டி, பருத்தி ஜாக்கெட் கைக்கு வச்சுத் தைச்சேன். கழுத்துக்கு ஒரு ஆரம், காதுக்கு ஜிமிக்கி, தலை நிறையப் பூ. முந்தியைச் சின்னச் சின்ன மடிப்பா எடுத்துத் தோள்ல குத்தினா ஜாக்கெட்டும் தெரியும், கரையும் தெரியும். அன்னைக்குப் பட்டு கட்டினவங்க பாதிப் பேர் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடியே முந்தியால விசிறிக்கிட்டு இருந்தாங்க. நான் பந்தியில நின்னு பரிமாறிக்கிட்டு இருந்தேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆத்துல இறங்குறதைப் பார்க்கப் போனா கூட்டத்துல நசுங்கணும், தண்ணி பீய்ச்சுறவங்ககிட்ட நனையணும். நனைஞ்சாலும் மறைக்கிற மாதிரி அடர் நிறம் நல்லது, நீலம் அதுக்குத் தோது. நகை ஒண்ணும் வேண்டாம். பாசிமணி ஒண்ணு போதும், அறுந்தாலும் கவலை இல்ல. முந்தியைச் சுத்தி இடுப்புல சொருகிட்டா பிள்ளையையும் தூக்கலாம், பையையும் பிடிக்கலாம்.

அஞ்சாவது இடம் துக்க வீடு. இதை யாரும் விசேஷக் கணக்குல சொல்றதில்ல, ஆனா நாம போறதுல பாதி அதுதானே. திடீர்னு தகவல் வரும், பீரோவைத் திறந்து நின்னா எல்லாம் ஜிகினாவா இருக்கும். அதே நீலச் சேலை, அதே வெள்ளை ஜாக்கெட், பூ இல்ல, முந்தியைத் தோள்ல தளர விட்டா அடக்கமா இருக்கு. சந்தோஷத்துக்கும் சாவுக்கும் ஒரே சேலையான்னு ஒரு மதினி கேட்டாங்க. துவைச்சுக் காயப்போட்ட பிறகு சேலைக்கு என்ன தெரியும் மதினி?

மூணு சேலைக்கு நாலு ஜாக்கெட் வச்சிருக்கேன். வெள்ளை, கலம்காரி, ஜரிகைக் கை வச்ச அரக்கு, ஒரு கறுப்பு. மூணு நாலு பன்னெண்டுன்னு கணக்கு வரும். எல்லாம் எல்லாத்துக்கும் பொருந்தாது, மஞ்சளுக்கு வெள்ளை எடுக்கல. இருந்தாலும் ஒம்பது பத்து ஜோடி சுலபமாத் தேறும். ஒரு வெயில் காலத்துக்கு அது போதாதா? ஜாக்கெட்டு தைக்கும்போது பக்கவாட்டுல ரெண்டு விரல்கடை துணி உள்ள விடச் சொல்லுங்க. நாம அடுத்த வருஷமும் இதே உடம்பா இருப்போம்னு சொல்ல முடியாதுல்ல.

நகை பத்திச் சுருக்கமாச் சொல்றேன். வெயில்ல கவரிங் நகை வியர்வை பட்டுச் சிலருக்கு அரிக்கும், தோல் தடிக்கும். அப்படிப்பட்டவங்க நாள் முழுக்கப் போடாம, விசேஷ வீட்டு வாசல்ல போட்டுத் திரும்பும்போது கழட்டிரலாம். இல்லாட்டி சுடுமண் நகை, பட்டுநூல் சுத்தின வளையல் போடலாம். நூல் வளையல் நம்ம குழுக்கள்லயே செய்யுறாங்க. பழைய பிளாஸ்டிக் வளையலை எடுத்துட்டு வந்து சேலை நிறத்தைக் காட்டினா அந்த நிறத்துலயே நூல் சுத்தித் தருவாங்க. வெளியில போற காசு நம்ம கூட்டமைப்புக்குள்ளயே சுத்தும். மழையிலயும் அழகர் தண்ணியிலயும் மட்டும் போடாதீங்க, நூல் ஊறிரும்.

எங்க மாமியாரோட ஆத்தா காதுல தண்டட்டி தொங்க, பின்கொசுவம் வச்சுக் கண்டாங்கி கட்டி நின்ன போட்டோ எங்க வீட்டுல இருக்கு. வயலுக்கும் அதே கட்டு, கல்யாணத்துக்கும் அதே கட்டு. நாள் கிழமைன்னா துவைச்சு எடுத்தது, பூ கொஞ்சம் கூட. அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போவோம்னு நான் சொல்லல, அவங்களுக்கு மாத்துச் சேலையே ரெண்டுதான் இருந்திருக்கும், அது வறுமை. ஆனா அந்தப் போட்டோவுல அந்த ஆத்தா நிக்கிற நிலையைப் பார்த்தா, சேலை எத்தனைன்னு யாருக்கும் கேட்கத் தோணாது.

பூவைச் சொல்லாம விட்டா உசிலம்பட்டிக்காரி இல்ல. மார்கழி, தைப் பனியில மல்லிகை ஆயிரக்கணக்குல விக்கும், தொட முடியாது. வெயில் ஏற ஏற விளைச்சல் கூடி விலை இறங்கும். நமக்குப் பத்திரிகை குவியுற மாசத்துலதான் பூவும் மலிவு. கழுத்துக்கு ஒண்ணும் போடாட்டியும் ரெண்டு முழம் மதுரை மல்லி வச்சா அலங்காரம் முடிஞ்சது. ஈரத்துணியில சுத்தி வச்சு, மண்டபத்துக்குப் போய் வச்சுக்கிட்டா வதங்காது.

வயசுப் பிள்ளைக இதுக்கு ஒத்துக்குமான்னு கேட்பீங்க. சொன்னா ஒத்துக்காது, செஞ்சு காட்டினா ஒத்துக்கும். எங்க வீட்டுல ஓரம் கிழிஞ்ச ஒரு சிவப்புச் சுங்குடியை மகளுக்குச் சுடிதார் டாப்பாத் தைச்சேன். அஞ்சரை மீட்டர் சேலையில கிழிசலைத் தள்ளிட்டு டாப்பும் வந்துச்சு, மிச்சத்துல ஷாலும் வந்துச்சு. பேண்ட் மட்டும் கடையில எடுத்தது. அந்த ஷாலை இப்ப வெள்ளை டாப்புக்குப் போடுறா, கறுப்புக்குப் போடுறா. கூடப் படிக்கிற பிள்ளைக எங்க வாங்கினேன்னு கேட்குதாம். பாவாடை சட்டை போடுற சின்னப் பிள்ளைகளுக்குக் கரையைக் கீழ வச்சுத் தைச்சாப் பட்டுப்பாவாடை மாதிரியே நிக்கும், அதுக வெயில்ல ஓடி விளையாடவும் செய்யும்.

துவைக்கிறதை மட்டும் சொல்லிட்டு உட்கார்றேன். புதுச் சுங்குடியை முதல் ரெண்டு தண்ணி தனியா அலசுங்க, பச்சைத் தண்ணியில ஒரு கை கல்லுப்புப் போட்டு. ஊற வச்சுட்டு மறந்துறாதீங்க, சாயம் வெள்ளைப் புள்ளியில ஏறிரும். சோப்பு குறைச்சலாப் போடுங்க, கல்லுல அடிக்காதீங்க, நிழல்ல உள்பக்கம் வெளிய தெரியக் காயப்போடுங்க. சோத்துக் கஞ்சியை வடிகட்டித் தண்ணியா விளாவிப் போட்டா மடிப்பு நிக்கும். கெட்டியாப் போட்டா அட்டை மாதிரி ஆகிரும், வியர்வையும் இழுக்காது. ஊக்குக் குத்துற இடத்துல ஊக்குக்குள்ள ஒரு பாசியைக் கோத்துட்டுக் குத்தினா, சுருள்ல நூல் மாட்டிக் கிழியாது.

கைக்கட்டு ஒண்ணு, அச்சு ஒண்ணு, ரெண்டு சேலை கொண்டு வந்திருக்கேன். அந்த நாலு ஜாக்கெட்டும் பையில இருக்கு. சாப்பாட்டுக்கு முன்னாடி மேடைக்குக் கீழ விரிச்சு வைக்கிறேன். வந்து தடவிப் பாருங்க, உங்க வீட்டுல எந்தச் சேலைக்கு எது சேரும்னு அங்கயே பேசிக்குவோம்.