கல்லூரிப் படிக்கு ஒரு கைப்பிடி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி ரயில்வே எழுத்தராகியவர் நாம். கல்லூரியில் பயிலும் பேறு நமக்கு வாய்க்கவில்லை. எனினும், கல்லூரியைப் பற்றியே இன்று சில சொல்ல விழைகின்றோம்.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் குடும்பங்களில் கண்ணொளி குன்றியோ, செவிப்புலன் இழந்தோ, நடை தளர்ந்தோ படிப்பை இடையில் விட்டவர் உண்டு. வயது முப்பதை நெருங்குங்கால் மீண்டும் பயில அவர்தம் உள்ளம் அவாவுகின்றது. "இனிமேல் படித்து என்ன ஆகப் போகிறது?" என்னும் சொல்லை அவர்கள் முதலில் கேட்பது கல்லூரியில் அன்று, நம் வீட்டுத் திண்ணையில்!

சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, அரசுக் கல்லூரிகளும் அரசின் உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களும் குறைந்தது 5 விழுக்காடு இடங்களை ஒதுக்குதல் வேண்டும். 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடு உடையதாகச் சான்று பெற்றோர் இதற்கு உரியர். சேர்க்கைக்கான வயது வரம்பிலும் 5 ஆண்டுத் தளர்வு உண்டு. தேர்வில் தாமே எழுத இயலாதார்க்கு எழுதித் தருவோர் துணையும், மணிக்கு 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரமும் 2018-ஆம் ஆண்டின் நெறிமுறைகளில் கூறப்பட்டுள்ளன.

கண்ணும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர் 1900-இல் அமெரிக்காவின் ராட்கிளிப் கல்லூரியிற் சேர்ந்து 1904-இல் பட்டம் பெற்றார். ஆசிரியர் கூறியவற்றை ஆனி சல்லிவன் அம்மையார் அவர் உள்ளங்கையில் எழுத்தெழுத்தாக உணர்த்தினார். நம் ஆந்திர மண்ணிற் பிறந்த ஸ்ரீகாந்த் பொல்லா, பார்வையற்றவர் என்பதால் அறிவியல் பயில இடம் மறுக்கப்பட்டு, நீதிமன்றம் சென்று வென்று, பின்னர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிற் பயின்றார். முன்னவர்க்குத் துணைக்கரம் கிட்டியது. பின்னவர் அதனை வழக்காடிப் பெற்றார்.

ரயில் நிலையத்தைப் பாருங்கள். வண்டி வரவை ஒலிபெருக்கி சொல்லுகிறது, பலகையும் காட்டுகிறது. கேளாதவரும் காணாதவரும் ஒரே வண்டியில் ஏறுகின்றனர். வகுப்பறைக்கும் இதுவே முறை. கரும்பலகையில் எழுதுவதை ஆசிரியர் வாய்விட்டுப் படித்தல் வேண்டும். பேசுங்கால் மாணவரை நோக்கிப் பேசுதல் வேண்டும். நடக்க இயலாதவர் பயிலும் வகுப்பு கீழ்த்தளத்தில் நடைபெறுதல் வேண்டும். இவற்றிற்குப் பெரும் பொருட்செலவு இல்லை.

நம் பிள்ளைகளுக்கு இன்னுமொரு சுமை உண்டு. வீட்டில் தமிழ், கல்லூரியில் தெலுங்கும் ஆங்கிலமும். உதட்டசைவு கண்டு தமிழை அறிந்தவர், தெலுங்கு உரையைப் பின்பற்றத் திணறுவார். இங்கேதான் நம் சங்கத்திற்குப் பணி இருக்கிறது. தெலுங்கு கற்ற நம் இளைஞர், கேளாதார்க்குப் பாடக் குறிப்பு எழுதித் தரலாம். காணாதார்க்குப் பாடநூலை வாசித்து ஒலிப்பதிவு செய்து தரலாம். தேர்வு எழுதித் தர முன்வருவோர் பெயர்ப்பட்டியலைச் சங்கம் வைத்திருக்கலாம். அவர்க்குரிய தகுதி விதிகளைத் தேர்வு அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டறிதல் நலம்.

திருப்பதியில் 1954-இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக்கழகம் உண்டு. மகளிர்க்கென 1983-இல் அமைந்த ஸ்ரீ பத்மாவதி பல்கலைக்கழகமும் உண்டு. வாயில் அருகே உள்ளது. கைபிடித்து அழைத்துச் செல்வோர் நாமாக இருப்போமாக!