1517ஓடு நிறுத்திவிடாதீர்கள்
(ஆம்பூரில் போட்டித் தேர்வு மாணவர்களிடையே பேசியது)

தோல் ஷாப்புக்கும் ஷூ கம்பெனிக்கும் வேலைக்குப் போகும் வீடுகளிலிருந்து வந்து ஐரோப்பிய வரலாறு படிக்கிறீர்கள். 1517, லூதர் என்று எழுதினால் மதிப்பெண் வரும். 1525ஐயும் படியுங்கள். 'கிறிஸ்து எல்லோரையும் மீட்டார் என்றால், நாங்கள் மட்டும் ஏன் பண்ணையடிமைகள்?' என்பதே ஜெர்மன் உழவர்களின் பன்னிரண்டு கோரிக்கைகளில் மூன்றாவதன் சாரம். லூதரோ பிரபுக்கள் பக்கம் நின்றார்.

அரசியல் புரட்சிக்கு முன் சமய, சமூகப் புரட்சி வேண்டும் என்பதற்கு 'சாதி ஒழிப்பு' நூலில் (1936) அம்பேத்கர் காட்டும் சான்றுகளில் லூதரும் ஒருவர். இரண்டும் உண்மை. சீர்திருத்தம் கதவைத் திறக்கும். உள்ளே விடச் சொல்லிப் போராட வேண்டியவர்கள் உழைப்பவர்களே.

விடைத்தாளில் இரண்டையும் எழுதுங்கள். நம் நாட்டில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் சாதி பார்க்கிறார்கள். அந்த மூன்றாவது கோரிக்கை இன்னும் பழசாகவில்லை.